படிவத்தின் நாலாம் பக்கம்

நல்லது செய்கிறவர்களைத் தேடிப் பிடித்துப் பரிசு கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவனை ஒருவரும் நம்பமாட்டார்கள். கொஞ்ச நாள் போனால் அவனும் ஒருவரையும் நம்பமாட்டான். உங்களில் யாராவது பள்ளிக்கூட வினோத உடைப் போட்டிக்காவது நடுவராக இருந்து பார்த்திருந்தால் என் வருத்தம் விளங்கும். பரிசு கிடைத்தவன் உங்களை மறந்துவிடுவான். கிடைக்காதவன் சாகும்வரை மறக்கமாட்டான்.

எண்பத்துநாலு, எண்பத்தைந்தில் எனக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் வேலை. தீவுப் பகுதியின் சிறந்த இளைஞர் கழகத்தைத் தெரிவு செய்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதற் பரிசு ஒரு கேடயம். அதோடு வள்ளத்தில் பூட்டுகிற ஒரு சின்ன எஞ்சின். படிவம் நாலு பக்கம். முதல் மூன்று பக்கங்களிலும் கழகம் என்ன செய்கிறது என்று எழுத வேண்டும். நாலாம் பக்கத்தில் உறுப்பினர் பெயர், வயது, விலாசம். அது வெறுமையாக இருந்தால் விண்ணப்பம் தள்ளுபடி.

இளம் பெடியளை ஆமி அள்ளிக்கொண்டு போன அந்த நாட்களில், ஒரு பெடியனின் பெயரும் வயதும் விலாசமும் ஒரே தாளில் இருந்தால், அந்தத் தாள் கடைசியில் எந்த மேசையில் போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இது எனக்கும் தெரியும். தெரியாதவன் போல இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். என்னிடம் ஒரு பச்சை மட்டைக் கொப்பி இருந்தது. படிவத்தில் எழுத முடியாத சந்தேகங்களை எல்லாம் அதில் எழுதிக்கொள்வேன்.

கிழவர்மார் விளையாட்டு

நாரந்தனையில் ஒரு கழகத்தைத் தேடிப் போனேன். சைக்கிளைத் தேத்தண்ணிக் கடை வாசலில் நிறுத்தி, "இஞ்சை இளைஞர் கழகம் எங்கை இருக்கு, அண்ணை?" என்று கேட்டேன். வாங்கிலில் இருந்த நாலு பேரும் மிச்சத் தேத்தண்ணியை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்கள். கடைக்காரர் மட்டும் ஒரே கிளாசைக் கழுவிக்கொண்டு நின்றார். என் சப்பாத்தைப் பார்த்தார், தோல் பையைப் பார்த்தார், பிறகு பையிலிருந்து எட்டிப் பார்த்த படிவத்தைப் பார்த்தார்.

"உப்பிடி ஒண்டும் இஞ்சை இல்லை, தம்பி. இந்த ஊரிலை இளைஞர் ஒருத்தரும் இல்லை. எல்லாரும் கிழடு" என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, கடைக்குப் பின்னால் வேலிக்கு மேலால் ஒரு கரப்பந்து வந்து என் காலடியில் விழுந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அவ்வளவு நேரமும் கேட்ட சத்தம் சட்டென்று நின்றது. பந்தை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கி, ஈரக் கையால் தூசி தட்டி, வேலிக்கு மேலால் திருப்பி எறிந்துவிட்டுச் சொன்னார்:

"அது கிழவர்மார் விளையாடுறது."

ஊர் சுற்றிய கரம் போட்

மூன்று கழகங்களில் மூன்று கரம் போட்கள் பார்த்தேன். மூன்றுக்கும் ஒரே மூலை உடைந்திருந்தது. முதலாவதைப் பார்த்த அன்றே என் வழக்கப்படி குனிந்து, அடிப்பலகையில் பென்சிலால் சின்னதாக ஒரு சிலுவைக்குறி போட்டிருந்தேன். அடுத்த நாள் அடுத்த ஊரில் போட்டைக் கவிழ்த்தால் என் குறி என்னைப் பார்த்து நின்றது. பக்கத்தில் இரண்டாவது குறியைப் போட்டேன்.

மூன்றாம் நாள் புளியங்கூடலுக்குப் போனேன். வாசிகசாலைக்கு அன்று காலைதான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். சாய்ந்து நின்ற என் சேட்டின் முதுகு முழுக்க வெள்ளை. கழகத் தலைவர் ஓடிவந்து தட்டிவிட்டார். சுற்றவர நின்றவர்கள் சிரிக்காமல் இருப்பதற்குப் பெரும்பாடு பட்டார்கள். நான் கரம் போட்டைக் கவிழ்த்துக் காட்டினேன். இரண்டு குறிகளும் பத்திரமாக இருந்தன. தலைவர் கொஞ்சமும் அசையவில்லை.

"ஐயா, போட் ஒண்டுதான். ஆனால் விளையாடுற பெடியள் ஊருக்கு ஊர் வேறைதானே. நீங்கள் போட்டுக்கோ பரிசு குடுக்கிறியள்?"

ஒரு குறையும் இல்லாத பட்டியல்

கடைசியில் ஒரு கழகம் நாலாம் பக்கத்தை முழுதாக நிரப்பி அனுப்பியது. ஊர்ப் பெயர் வேண்டாம். மணி மணியான எழுத்து. பெயர், வயது, விலாசம், ஒரு குறையும் இல்லை. குறை இல்லாத இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வரும். பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன்.

முதல் வீட்டில் ஒரு அம்மா, "அவன் ஜேர்மனியிலை எல்லோ" என்று கடிதத்தை எடுத்துக் காட்டினா. இரண்டாம் வீட்டுப் பெடியன் பிரான்சில். மூன்றாமவன் கனடா போகிற வழியில் எங்கேயோ. பத்து வீடு ஏறி இறங்கினேன். வெயிலுக்கு இளநீர் கிடைத்தது, இளைஞன் ஒருவன்கூடக் கிடைக்கவில்லை. கழகத்தின் வேலை என்று எழுதியிருந்தவற்றில் ஒன்றும் நடக்கவுமில்லை. செயலாளரைப் பிடித்து, இது என்ன கூத்து என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"ஐயா, இஞ்சை நிக்கிற பெடியன்ரை பேரை எழுதித் தந்துபோட்டு நான் ஊரிலை இருக்கேலுமோ? வெளியிலை போனவங்கடை பேரெண்டால் ஒருத்தருக்கும் சேதமில்லை."

பலகையில் இருந்த குறிகள்

அனலைதீவுக் கழகத்திலிருந்து மூன்று பக்கங்கள்தான் வந்தன. நாலாம் பக்கத்தைக் கிழித்துவிட்டு அனுப்பியிருந்தார்கள். இவ்வளவு துணிச்சல் யாருக்கு என்று பார்க்கவே வள்ளம் ஏறினேன்.

கழகத்துக்குக் கட்டிடம் இல்லை, பெயர்ப் பலகை இல்லை. கரையில் வலை வைக்கிற ஒரு கொட்டில். அதற்குள் பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட ஏழெட்டுப் பேர் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தார்கள். படிப்பித்தவ செயலாளர். பெயர் மலர், இருபத்தாறு வயது இருக்கும். என்னைக் கண்டதும் அவ ஒரு பார்வை பார்த்தா. கொப்பிகளை மூடிக்கொண்டு ஒவ்வொருவராகப் பின்பக்கத்தால் போய்விட்டார்கள்.

கொட்டில் தூணில் ஒரு பலகை தொங்கியது. அதில் ஏழு நாட்களின் பெயர். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே தாரால் கீறிய இரண்டு குறிகள். மூன்று கோடு, ஒரு வட்டம், ஒரு வேல், ஒரு தராசு. வலைகள் ஒன்றோடொன்று மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொரு குடும்பமும் மிதப்புக் கட்டையில் தன் குறியை வெட்டிவைக்கும். அதே குறிகள்தான் இவை. ஊரில் எல்லோரும் வாசிப்பார்கள், வெளியாளுக்கு ஒன்றும் விளங்காது. ஆட்களை ஏற்றுகிற லோஞ்சு ஓடாத நேரத்தில் வருத்தக்காரரை ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு வள்ளத்தில் துடுப்பு வலித்துக்கொண்டு போவதற்கான முறைப் பலகை அது என்று மலர் சொன்னா. எனக்காகக் காலையில் எழுதியதோ என்று பெருவிரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். தார் காய்ந்து பல மாதம் ஆகியிருந்தது. விரல்தான் நொந்தது.

"எஞ்சின் வேணும்தானே? அப்ப நாலாம் பக்கத்தை நிரப்பித் தாரும்" என்றேன். அவ பலகையைத் தூணில் நேராக்கிவிட்டுச் சொன்னா.

"என்ரை அக்கா பிள்ளைப்பேற்றுக்குப் போகேக்கை அரைவழியிலை செத்தவ. காத்து எதிர்க்காத்து, துடுப்பாலை ஏலாமப் போச்சு. எஞ்சின் வேணும் ஐயா, இஞ்சை ஆரையும்விட எனக்கு வேணும். ஆனால் அக்காவுக்காக நான் இன்னொருத்தியின்ரை தம்பியைத் தரமாட்டன்."

என் வயிற்றுக்குத்து

இவ்வளவு கேட்டும் நான் நம்பவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பலகை உண்மைதான், பலகைப்படி ஆள் வருமா? துறையடிக்கு வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு "ஐயோ" என்று குந்தினேன். பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் அடித்த நாட்களிலேயே எனக்கு நன்றாக வருகிற வருத்தம் அதுதான்.

தேத்தண்ணி ஆறுகிற நேரம்கூட ஆகியிராது. இரண்டு பேர் ஓடிவந்தார்கள். மூன்று கோட்டுக்காரன் கொஞ்சம் மூத்தவன், வட்டக்காரன் கறுவலாக, உயரமாக இருந்தான். அன்று புதன்கிழமை, அவர்களின் துடுப்புகளில் வெட்டியிருந்ததும் பலகையில் புதனுக்கு எதிரே இருந்த அதே குறிகள். இனிச் சுகம் என்று நான் சொன்னதை அவர்கள் காதில் வாங்கவில்லை. தூக்கி வள்ளத்தில் போட்டு, தலைக்கு ஒரு சாக்கை மடித்து வைத்து, உச்சி வெயிலில் வலிக்கத் தொடங்கினார்கள். கைகளில் கொப்புளம் வெடித்த தழும்புகள் இருந்தன. ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வலித்தார்கள். பழக்கதோஷம் என்னை விடவில்லை. சாக்கின் மறைவில் பச்சைக் கொப்பியை எடுத்து, மூன்று கோட்டுக்கு எதிரே ஒரு பெயரும், வட்டத்துக்கு எதிரே ஒரு பெயரும் எழுதினேன். அவர்களுடைய பேச்சில் குறியோடு அடிபட்ட மற்றப் பெயர்களையும், அந்தந்தக் குறிக்கு எதிரே எழுதாமல் விடவில்லை. பரிசுக்கு ஆதாரம் வேண்டுமல்லவா?

மூன்று கோட்டுக்காரன் துடுப்பை நிறுத்தாமலே என்னைப் பார்த்தான்.

"வயித்துக்குத்துக்காரர் உப்பிடிக் குந்தியிருந்து கொப்பி எழுதிறேல்லை, ஐயா. பரவாயில்லை. இண்டைக்கு முறை எங்கடை, ஆஸ்பத்திரியிலை கொண்டுபோய்த்தான் விடுவம்."

துறையடிச் சோதனை

ஊர்காவற்றுறைத் துறையடியில் நேவிக்காரர் நின்று பைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தது. அடையாள அட்டை சரி, படிவங்கள் சரி. பச்சைக் கொப்பியை எடுத்து ஒருவன் பக்கம் பக்கமாகப் புரட்டத் தொடங்கினான். என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் அந்த இரண்டு பெடியளும். அவர்களுடைய பெயர்கள் அந்தக் கொப்பியில், என் அழகான கையெழுத்தில், குறியோடு.

அவன் சரியாக அந்தப் பக்கத்தில் நிறுத்தினான். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியவில்லை. ஆனால் கோடும் வட்டமும் வேலும் அவனுக்குப் பிடிக்கவில்லை. "என்ன இது?" என்று அரைத் தமிழில் கேட்டான். "விளையாட்டு... கரம்" என்று ஏதோ உளறினேன். அவன் நம்பவில்லை. தமிழ் தெரிந்த மற்றவனைக் கூப்பிடத் திரும்பினான். அந்த நொடியில் என் வயிற்றுக்குள் ஏதோ பிடித்துத் திருகியது. நடிப்பில்லை. அப்படியே மடிந்து, காலையில் தின்றதெல்லாம் வெளியே வர, அவன் காலடியில் சத்தி எடுத்தேன். அவன் பின்னால் பாய்ந்து, கொப்பியை என் மடியில் எறிந்து, போ போ என்று கையைக் காட்டினான்.

ஆஸ்பத்திரி வாசல்வரை என்னைத் தாங்கிக்கொண்டே வந்தார்கள். அவர்கள் பக்கம் பார்க்க எனக்கு முகமில்லை. இவ்வளவு காலமும் மற்றவர்களைச் சந்தேகித்துத் திரிந்தவன், பெடியளைக் காட்டிக்கொடுக்கிற தாளை என் பையிலேயே சுமந்துகொண்டு வந்திருக்கிறேன். வாசலில் என்னை இறக்கிவிட்டு வட்டக்காரன் சொன்னான்.

"ஐயாவுக்கு இப்பதான் உண்மையா நோகுது."

அம்மாமாரின் பட்டியல்

யாழ்ப்பாணம் திரும்புகிற பஸ், பண்ணைப் பாலத்தில் போகும்போது அந்தப் பக்கத்தைக் கிழித்து யன்னலுக்கு வெளியே கடலில் விட்டேன். பரிசு யாருக்கு என்று என் மனதில் முடிவாகிவிட்டது. ஆனால் மனதில் முடிவு செய்து என்ன, நாலாம் பக்கம் இல்லாமல் கந்தோரில் ஒன்றும் நடக்காது. வெற்றுப் படிவம் ஒன்றை உறையில் போட்டு மலருக்கு அனுப்பினேன். "ஏதாவது வழி பாரும்" என்று மட்டும் எழுதினேன். என் வேலைக்காலத்தில் நான் எழுதிய ஒரே உருப்படியான கடிதம் அதுதான்.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. நாலாம் பக்கம் நிரம்பி வழிந்தது. மனோன்மணி, வயது ஐம்பத்தெட்டு. நாகம்மா, வயது அறுபத்தொன்று. செல்லம்மா, வயது நாற்பத்தொன்பது. முழுப்பேரும் அம்மாமார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உண்மையான விலாசம், கையெழுத்து. கையெழுத்துத் தெரியாதவர்களுக்கு வீட்டுக் குறி. மூன்று கோடும் இருந்தது, வட்டமும் இருந்தது.

முன்பு ஒரு கழகத்தைத் தள்ளியதும் இதே மாதிரிப் பட்டியலுக்காகத்தானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டேன். அங்கே பெயர் இருந்தது, வேலை இல்லை. இங்கே வேலை இருந்தது. என் வயிற்றுக்குத்தே அதற்குச் சாட்சி. "உறுப்பினர் வயது சரிபார்க்கப்பட்டது" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். உறைக்குள் மலர் எழுதிய துண்டுக் கடதாசி ஒன்றும் இருந்தது.

"கூட்டம் வைச்சு எல்லா அம்மாமாரையும் கழகத்திலை சேர்த்துப்போட்டம். பேர் குடுக்கிறதெண்டால், பிடிச்சுக்கொண்டு போனாலும் திரும்பி வாற பேராக் குடு எண்டு அவையள்தான் சொன்னவை."

பெரியவரின் மேசை

எங்கள் கந்தோரின் பெரியவர் என்னைவிடச் சந்தேகக்காரர். ஒரு முற்றுப்புள்ளி இடம் மாறினாலும் விளக்கம் கேட்பார். படிவத்தை விரித்து, மூக்குக்கண்ணாடியை இறக்கி, வயதுகளை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தார். ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்று. அறையில் தட்டச்சு அடித்துக்கொண்டிருந்தவரும் நிறுத்திவிட்டார்.

"என்ன காணும் இது? இளைஞர் கழகமோ?"

எனக்கு நாரந்தனைக் கடைக்காரரின் முகம் நினைவுக்கு வந்தது. "தீவுப் பக்கம் இளைஞர் ஒருத்தரும் இல்லை, ஐயா. எல்லாரும் கிழடு" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவனைப் போன மாதம்தான் கொழும்பு வழியாக எங்கேயோ அனுப்பிவிட்டு வந்திருந்தார். எங்கே என்று கந்தோரில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

"நீர் நேரை போய்ப் பாத்தனீரோ?" என்று கேட்டார்.

"ஓம், ஐயா. வயித்துக்குத்தோடை போய்ப் பாத்தனான்."

பேனையைத் திறந்தார், மூடினார், பிறகும் திறந்தார். கையெழுத்தைப் போட்டுப் படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

"இதிலை சேர எனக்கும் வயசு போதும் போலை கிடக்கு. ஒரு இடம் இருக்கோ எண்டு கேட்டு எழுதும்."

கிழித்த பக்கம்

எஞ்சினைக் கொண்டுபோய் இறக்கிய அன்று துறையடியில் அம்மாமார் திருநீறு பூசி, நல்ல சேலை உடுத்து, வரிசையாக நின்றார்கள். நான் கொண்டுபோன படப்பிடிப்பாளர், "இளைஞர் கழகம் எங்கை?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, அவர்களையே படம் எடுத்தார். கேடயத்தை நடுவில் பிடித்தபடி நின்றவ நாகம்மா. பெடியள் இரண்டு பேர் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எஞ்சினைப் பூட்டினார்கள்.

மலர் எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தா. குனிந்து அடியிலும் பார்த்தா. நான் கரம் போட்டில் குறி போட்ட கதை அனலைதீவுவரை வந்துவிட்டது போலும். பிறகு என்னிடம் வந்து கையை நீட்டினா. "கொப்பி" என்றா. எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, கிழிந்த இடத்தில் விரலை வைத்தா.

"கிழிச்சது சரி. கிழிச்சது எங்கை?"

"கடலுக்குள்ளை விட்டிட்டன். பண்ணைப் பாலத்திலை."

அவவுக்கு அது போதவில்லை. கொப்பியைத் திருப்பித் தரும்போது முகத்தில் நன்றியும் இருந்தது, நம்பாமையும் இருந்தது. எது கூடுதல் என்று சொல்ல என்னால் முடியாது.

"உங்கடை கந்தோர் ஆக்களுக்குக் கடல் எண்டால் குப்பைத்தொட்டி. விட்டதை எல்லாம் அது எங்கையோ ஒரு கரையிலை திருப்பிக் கொண்டுவந்து போடும், அண்ணை. அடுத்தமுறை அடுப்பிலை போடுங்கோ."

எஞ்சினின் முதல் ஓட்டத்தில் என்னை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அதே இரண்டு பெடியள். துடுப்பால் உச்சி வெயில் முழுக்கப் போன தூரம் இப்போது கண்மூடித் திறப்பதற்குள் கழிந்தது. மலரின் அக்கா இருந்திருந்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிள்ளையோடு படுத்திருப்பா என்ற நினைப்பு எனக்கு வந்தது. அவர்களுக்கும் வந்திருக்கும். அவர்களின் பெயர்களை நான் அப்போதும் மறந்திருக்கவில்லை, மறக்க முயற்சி செய்துகொண்டிருந்தேன். அவர்கள் எனக்கு உதவி செய்தார்கள். துறையடி தெரிந்ததும் முன்னால் இருந்தவன் பின்னால் திரும்பி, என்னை ஒரு கண்ணால் பார்த்தபடி சத்தம் போட்டான்:

"டேய் வட்டம், மெல்லமாத் திருப்படா! மூண்டுகோடு சொல்லுறன், கல்லிலை அடிச்சுப்போடாதை!"

நான் பரிசுக்குச் சிபாரிசு செய்த ஒரே நல்ல கழகம் என்னைக் கடைசிவரை நம்பவில்லை. அதற்கென்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்திருந்தால் அதற்கும் முழுப் புள்ளி போட்டிருப்பேன்.